கணக்கை விடச் சொன்ன கடிதம்

கோர்படி, புனே
5-7-1998

மதிப்பிற்குரிய மகாதேவன் மாமாவுக்கு,

தங்கை மகள் கீர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நால்வரும் நலம். தில்லியில் நீங்களும் மாமியும் ஸ்ரீவித்யாவும் நலம் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு ரயில்வே டீசல் ஷெட்டில் இந்த வாரம் காலை ஷிப்ட். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

ஸ்ரீவித்யாவுக்குப் பொருளாதாரம் ஆனர்ஸில் இடம் கிடைத்தது என்று நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அம்மா அன்றைக்கே கேசரி கிண்டி எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். என் மகிழ்ச்சியை ஸ்ரீவித்யாவிடம் சொல்லுங்கள். இதைப் பொய்யாக எழுதவில்லை. அவள் நன்றாகப் படிக்கிறவள்.

ஸ்ரீவித்யாவுக்கு இடம் கிடைத்த அந்தக் கல்லூரிக்கு நானும் எழுதி விண்ணப்பம் வரவழைத்தேன், உங்களிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பொருளாதாரத்தில் எங்கள் ஜூனியர் காலேஜில் நான்தான் முதல். விண்ணப்பத்துடன் வந்த புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர்கள் மட்டுமே பொருளாதாரம் ஆனர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பஸ்ஸில் போகும்போதுதான் படித்தேன். கேம்ப்பில் இறங்க வேண்டியவள் கடைசி ஸ்டாப் வரை போய்விட்டேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் 150க்கு 138 வாங்கியவள் நான். பதினொன்றில் ஆர்ட்ஸ் எடுத்துப் பொருளாதாரம் படிக்கப்போகிறேன் என்றபோது அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. எங்கள் வீட்டில் படிப்பு, கல்யாணம், வீடு மாற்றுவது எதுவானாலும் உங்களுக்கு எழுதிக் கேட்பதுதான் வழக்கம். உங்கள் பதில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார, நான் சத்தமாகப் படிப்பேன். அந்த ஞாயிறும் நான்தான் படித்தேன். பொருளாதாரம் மனப்பாடம் செய்து எழுதுகிற பாடம், அதற்குக் கணக்கு வேண்டியதில்லை, பெண்பிள்ளைக்கு வீண் சுமை, பதிலாகச் சமூகவியல் எடுக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார், "மச்சானே எழுதிட்டாரு, அப்புறம் இன்னா பேச்சு?" என்று. அம்மா பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவிடம், "எங்க அண்ணன் தில்லில கோட்டு போட்டுக்குனு ஆபீஸ் போறவரு, அவருக்குத் தெரியாததா?" என்றார்.

அந்த விதி உங்களுக்குத் தெரியாது என்றுதான் நானும் போன வாரம் வரை நினைத்தேன். எல்லோருக்கும் தப்பு வரும். கணக்கு டீச்சர் தேஷ்பாண்டே மட்டும் அப்போதே, "பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு? எக்கனாமிக்ஸ் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேத்ஸை விடுகிறாயா?" என்று திட்டினார். நான், "எங்கள் மாமா சொல்லிவிட்டார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஸ்ரீவித்யாவுக்கு வாழ்த்து எழுத அவளுடைய பழைய கடிதங்களை எடுத்தேன். 1996 ஜூன் 20ஆம் தேதிக் கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: தானும் எக்கனாமிக்ஸ்தான் படிக்கப்போவதாகவும், மேத்ஸ் பிடிக்கவில்லை என்று அழுததாகவும், மேத்ஸை விட்டால் எந்த நல்ல காலேஜிலும் சேர்க்க மாட்டார்கள் என்று நீங்கள் கண்டித்ததாகவும். அப்போது அதை அவள் வீட்டுச் சண்டை என்று படித்து மடித்து வைத்துவிட்டேன். உங்கள் கடிதங்களை அப்பா சுவரில் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். எனக்கு வந்த பதிலை உருவிப் பார்த்தேன். தேதி ஜூன் 18.

மாமா, அதற்கு முந்தைய மாதம் நீங்கள் இங்கு வந்து திரும்பியது நினைவிருக்கிறதா? ஸ்டேஷனில் அம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டு முடிச்சதும் இவளை உங்க வீட்டுக்கே அனுப்பறேன் அண்ணி, வித்யாவோட தங்கிப் படிக்கட்டும்" என்றார். மாமி உங்களைப் பார்த்தார். நீங்கள் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, நிரப்பி வருகிறேன் என்று போய்விட்டீர்கள். அது நிறைந்துதான் இருந்தது. ஐந்து நிமிடம் முன்னால் நான்தான் நிரப்பினேன்.

வீட்டில் இடமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே மாமா. ஹாஸ்டல் தேடியிருப்பேன். இங்கேயே படித்திருந்தாலும் கணக்காவது கையில் இருந்திருக்கும். எங்கள் பாடத்தில் முழுமையான போட்டி என்று ஒன்று வரும். அந்தச் சந்தையில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

இங்கேயே பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்துவிட்டேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவருக்கு இருப்பது ஒரே அண்ணன். ஸ்ரீவித்யாவின் அந்தக் கடிதத்தையும் என் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. தங்கை பட்டு பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள், கணக்கில் என்னைவிட ஐந்து மதிப்பெண் அதிகம். அவளை எதில் சேர்க்கலாம் என்று கேட்டு அப்பா உங்களுக்கு இன்லண்டு லெட்டர் எழுதியிருக்கிறார். நாளை இரண்டையும் நான்தான் தபாலில் போடப்போகிறேன். வரும் ஞாயிறோ அடுத்த ஞாயிறோ உங்கள் பதிலை நான்தான் சத்தமாகப் படிப்பேன். நீங்கள் எழுதியதை மாற்றிப் படிக்க எனக்குத் தெரியாது.

அவள் தில்லிக்கு வர மாட்டாள் மாமா. அதற்கு நான் பொறுப்பு. ஸ்ரீவித்யாவுக்குச் சொன்னதையே அவளுக்கும் எழுதுங்கள்.

தங்கள் நலம் விரும்பும்,
கீர்த்தி