பூட்டிய அலுமாரியும் நாலு பேணியும்

என் உயிர் அக்கா,

பரலோகத்தில் உங்களுக்கு நல்ல கதிரை கொடுத்திருப்பார்கள். நீங்கள் தரையில்தான் இருப்பீர்கள், எனக்குத் தெரியாதா?

ஞாயிறு பூசை முடிந்து, உங்கள் மகள் ஜெனிற்றாவைப் பெண் பார்க்க வங்காலையிலிருந்து பாலம் தாண்டி வந்தார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய நாள் முதல் உங்கள் வீட்டில் இருந்தது இரண்டு பாய், ஒரு பெட்டி, தேநீர் குடிக்க நாலு சில்வர் பேணி. "இது காணும் தம்பி" என்பீர்கள். நானோ அதை அரண்மனை என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். பிறகு என்ன செய்வது?

பக்கத்து வீட்டு ஆசைப்பிள்ளையிடம் கதிரைகளும், கோப்பைகள் நிறைந்த கண்ணாடி அலுமாரியும் இரவல் வாங்கினேன். அலுமாரி யானைப் பாரம். ஒற்றைக் கையால் தூக்கி வந்தேன். மற்ற மூன்று பேரும் சும்மா தொட்டுக்கொண்டு வந்தார்கள். உங்கள் பேணிகளைச் சாக்கில் கட்டி அடுப்படியில் ஒளித்தேன்.

தேநீர் தயார். ஜெனிற்றா கோப்பை எடுக்கப் போனாள். அலுமாரி பூட்டியிருந்தது! திறப்பு ஆசைப்பிள்ளையின் மடியில், ஆசைப்பிள்ளை போயிருந்தது நானாட்டானுக்கு. நான் இழுத்தேன், தட்டினேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"உங்கட அலுமாரிதானே அண்ணை, திறப்பு எங்க?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"அது கொழும்பில செய்த பூட்டு, கொஞ்சம்..."

"மாமா, காணும்." ஜெனிற்றா சாக்கை நடுவீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்தாள். "அன்ரி, இந்த நாலு பேணிதான் எங்கட. மற்றதெல்லாம் இரவல். அம்மா இதோட சந்தோசமா இருந்தவா. நானும் அப்பிடித்தான். பிடிக்கேல்லையெண்டா தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்கோ."

எல்லாம் முடிந்தது அக்கா, மாதாவாணை. தாயில்லாப் பிள்ளையின் கலியாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனா?

அந்த அம்மா எழுந்தார். வாசலுக்குத்தான் என்று நினைத்தேன்.

"பாய் இருக்கோ பிள்ளை? இந்தக் கதிரை முதுகைக் குத்துது."

உங்கள் பாயில் கால் நீட்டி இருந்து, உங்கள் பேணியில் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அரண்மனைப் பிள்ளை எங்கட வீட்டில எப்பிடிக் காலந்தள்ளுமெண்டு நினைச்சு, வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனான்."

கேட்டீர்களா அக்கா? இத்தனை காலமும் உங்கள் வீட்டைப் பார்த்து வெட்கப்பட்டது நான் ஒருத்தன் மட்டும்தானா?

கலியாணத்துக்கு ஒரு கதிரைகூட இரவல் வாங்கமாட்டேன். அந்த நாலு பேணியிலேயே ஆயிரம் பேருக்குத் தேநீர் கொடுப்பேன். சரி, நாற்பது பேர். கழுவிக் கழுவி நானே கொடுப்பேன், இது சத்தியம்.

உங்கள் பாயில் இருந்து இதை எழுதும்,
உங்கள் ஒரே தம்பி, ஜெனிற்றாவின் மாமன்.