உன் பிள்ளைகளோடு சிரம்பானுக்கு

என் அஞ்சலை,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினேன். கமலா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். செல்வம் ஐந்தாவது உருண்டைக்கே வாயை இறுக மூடிக்கொண்டான். "இன்னும் ரெண்டு வாய்டா" என்று கெஞ்சித் திணித்தேன். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமென்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டதிலிருந்து, கேட்டைத் தாண்டி ஒரு பருக்கைகூட எடுத்துப் போக முடிவதில்லை. டவுனில் வாங்கலாம்தான். ஆனால் ஆபீஸ் வரிசையில் நிற்கிறவளுக்குக் கடைக்குப் போக ஏது நேரம்?

நீ கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது. உன் காய்ச்சலுக்குப் பின் பிள்ளைகள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். போன மாதம் இந்தியாவிலிருந்து உன் புருஷன் முனியன் கடிதம் எழுதியிருந்தான், யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்தில். "பிள்ளைகளையாவது என்னிடம் அனுப்பி வையுங்கள்." அடுத்த கப்பலில் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று ஊர் திரும்புகிறதாம். அவர்களோடு அனுப்பிவிடலாமென்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஏற்பாடு செய்தார். அதற்கான பயணப் பத்திரத்துக்காகத்தான் இன்று சிரம்பான் பயணம்.

கேட்டில் சோதனை போடும் பெண் என் பையைக் கொட்டிப் பார்த்தாள். பிறகு செல்வத்தின் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள்.

"வாயில என்னடா வச்சிருக்க? துப்பு லா."

அவன் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரே விழுங்காக விழுங்கினான். "ஒண்ணுமில்ல."

"முழுங்கினதுக்குச் சட்டம் இல்ல, போ" என்று அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அடுத்த நொடியே முனியன் நினைவு வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவன் தூக்குச்சட்டியில் பழைய சோறு எடுத்துப் போவது எத்தனை வருஷப் பழக்கம்! தடை வந்த மூன்றாம் நாள், கேட்டில் சோதனைகூட ஒழுங்காகத் தொடங்காத நேரம், கை தன்பாட்டில் சட்டியை எடுத்துவிட்டது. ரப்பர் மர நிரையில் வைத்துப் போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். யாருக்குக் கொண்டுபோகிறாய் என்ற கேள்விக்கு, "எனக்குத்தான்" என்பதைத் தவிர அவனிடம் வேறு என்ன பதில் இருந்தது?

அவனைக் கப்பலேற்றி நாடு கடத்தாமல் இருக்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தவள் நான். மதராஸில் கல்லூரிப் படிப்பு படித்தவளாயிற்றே, இங்கிலீஷ் நன்றாகத்தான் இருந்தது. மனு கொடுக்கக் கடைசி நாளன்று நீ வந்து என் வாசலில் நின்றாய். "அக்கா, நீங்களும் கூட வந்தா தைரியமா இருக்கும்." நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றேன். "எல்லாம் எழுதியிருக்கு, சிரம்பான் ஆபீஸ் ஜன்னல்ல நீட்டினா போதும்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது உண்மைதான். ஆனால் நான் வராததற்குக் காரணம் அதுவல்ல, அஞ்சலை. பிடித்துவைத்தவனின் பெண்டாட்டியோடு போய் நின்றால் என் பெயரையும் குறித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். உனக்கு அது தெரிந்திருந்ததா?

அன்று மாலை நீ திரும்பி வந்து, "ஆபீஸ் தொரை முடியாதுன்னுட்டாரு அக்கா" என்றாய். ஒரு வருஷமாக நான் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். நான் போயிருந்தாலும் முடியாதென்றுதானே சொல்லியிருப்பார்கள் என்று.

ரந்தாவ் ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் செல்வம் என் மடியிலேயே தூங்கிப்போனான். காலையில் திணித்த சோறு அவன் வயிற்றில் கல்லாகக் கனத்தது. டவுனில் இறங்கியதும் அவனுக்குக் கால் வலித்தது, தூக்கினேன். கமலாவின் செருப்பு வார் அறுந்தது, அதையும் கையில் எடுத்துக்கொண்டேன். படம் பிடிக்கும் கடையில் அவன் கேமராவைப் பார்க்கவே மாட்டேனென்றான். "அம்மா மாதிரி சிரிடா" என்றாள் கமலா. கடைக்காரர் நான்தான் அம்மா என்று நினைத்து என்னைப் பார்த்தார்.

நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் அடக்கி உட்கார வைக்கிறவள் நான். டவுனில் இரண்டு பிள்ளைகளைச் சமாளிக்க எனக்குக் கை போதவில்லை.

ஆபீசில் நீளமான வரிசை. ஜன்னலுக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது செல்வம் என் சேலையை இழுத்தான். "டீச்சர், ஒண்ணுக்கு."

"கொஞ்சம் பொறுத்துக்கடா."

"வருது டீச்சர்."

கமலா என் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டாள். "நான் நிக்கிறேன் டீச்சர். நீங்க அவனக் கூட்டிட்டுப் போங்க. இப்ப தள்ளிவிட மாட்டாங்க, நான் வளந்துட்டேன்ல."

"யார் தள்ளிவிட்டா?"

"அன்னைக்கு. அம்மா என்னை இதே எடத்துல நிக்க வச்சிட்டு தம்பியத் தூக்கிட்டுப் போச்சி. பெரியவங்க எல்லாம் முன்னால போயிட்டாங்க. அம்மா வந்தப்ப நான் கடைசியில நின்னேன். அப்புறம் ஜன்னல சாத்திட்டாங்க."

"மனுவக் கொடுக்கவே இல்லியா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். "வீட்டுக்கு வந்து அடுப்புல போட்டிச்சி. டீச்சர்கிட்ட சொல்லாத, அவங்க மனசு ஒடஞ்சிடும்னு சொல்லிச்சி." "சொல்லிட்டேனே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செல்வம் அங்கேயே நனைத்துவிட்டான். என் காலிலும் பட்டது. பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அஞ்சலை, உனக்குப் பேச ஆள் தேவைப்பட்டிருக்கவில்லை. இங்கிலீஷ் தேவைப்பட்டிருக்கவில்லை. அந்த இடத்தில் காலூன்றி நிற்க இன்னொரு ஆள் போதுமாயிருந்தது. மனுவைப் படித்தும் அவர்கள் மறுத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் மறுக்கக்கூட அவர்கள் கையில் அது கிடைக்கவில்லையே. உன் புருஷன் கப்பலேறினான், நீ தனியாகக் காய்ச்சலில் கிடந்தாய், அப்போதும் என்னைத்தான் காப்பாற்றினாய். ஏன் என்னைத் திட்டாமல் போனாய்? திட்டியிருந்தால் உன்னருகே இன்னும் கொஞ்சம் தைரியமாக உட்கார்ந்திருப்பேனே.

ஜன்னலில் இருந்தவர் நம் தமிழ் ஆள்தான். படிவத்தைப் புரட்டிவிட்டு, "பிள்ளைங்களோட போறவங்க பேரு எழுதலியே டீச்சர்?" என்றார்.

அந்தக் குடும்பத்தின் பெயரைக் கிராணி ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்திருந்தார். பேனாவைத் திறந்தேன். அப்போது கமலா மெதுவாகக் கேட்டாள். "அவங்கள்ல யாருக்காச்சும் எங்கப்பா மூஞ்சி தெரியுமா டீச்சர்?"

நான் பேனாவை மூடினேன். "திங்கக்கிழம கொண்டு வரட்டுமா?"

"திங்கதான் கடைசி. விட்டா அடுத்த கப்பல் எப்பன்னு சொல்ல முடியாது."

திரும்பும் வழியில் இருவருக்கும் ரொட்டி வாங்கிக் கொடுத்து, வழியில் யாரும் சோதித்தால் வம்பென்று, கேட்டுக்கு வருமுன் தின்று முடிக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார்கள். இன்னும் அந்தி சாயவில்லை. மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

போகிறவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தோட்டத்துத் துரைக்கு ராஜினாமாக் கடிதம் இனிமேல்தான் எழுத வேண்டும். இந்த நாற்பத்து மூன்று வயதில் போய், திரும்பி வந்தால் இந்தப் பள்ளி எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அஞ்சலை. செல்வத்தின் கையையும் கமலாவின் கையையும் முனியனின் கையில் நானே வைப்பேன். வைத்துவிட்டு நடையைக் கட்டமாட்டேன். அவன் மனு ஆபீஸ் துரையிடம் போகவே இல்லை என்பதையும், நீ கூப்பிட்டு நான் வரவில்லை என்பதையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். நீ எனக்காகப் பொறுத்ததை அவனும் பொறுக்க வேண்டுமென்று கேட்கமாட்டேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் நீ கூப்பிட்ட முறையில்,
உன் அக்கா
மரகதம்