அம்மியின் வேகம்

8, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். மோட்டார் போட மறந்து தொட்டி காலி. ஒரே பக்கெட்டில் குளியல்.

இன்று: கேஸ் பதிய. கரன்ட் பில். மேனேஜரிடம் ஞாயிறு லீவு. டீமில் ஆறாவது யார் என்று முடிவு செய்ய.

ஞாயிறு பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் வரும். லாட்ஜில் அன்று லீவு கேட்பது, தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை பாத்ரூம் எங்கே என்று கேட்பது மாதிரி. அப்படி என்ன தலைபோகிற வேலை என்றார் மேனேஜர். ஆன்லைன் போட்டி என்றேன். ஆறு மான்ஸ்டரை வளர்த்து டீம் கட்ட வேண்டும், ஒவ்வொரு சண்டைக்கும் அதில் நாலை எடுத்து இரண்டிரண்டாக இறக்கி மோதவிட வேண்டும், மாநிலத்தில் முதல் எட்டு பேர் சென்னைக்குப் போய் நேரில் ஆடலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனுக்கு வயசு இன்னா ஆவுது மணி?" என்றார்.

முப்பத்தொன்று. பகலில் லீவு, சாயந்திரம் ஆறு மணிக்கு டியூட்டிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஐந்து பேர் தயார். ஆறாவது பறவையா பாறையா என்று மூன்று வாரமாக இழுபறி. ரிசப்ஷனில் ஒரு வெளிநாட்டம்மாவின் பாஸ்போர்ட் நகலுக்குப் பின்பக்கம் எழுதி எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரி. இரண்டும் சரியில்லை.

கவிதா நேற்றே டீமை முடித்துவிட்டாள். சாம்பார் கொதிக்கிற நேரத்தில். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஆறு பேரும் செட்டாகிவிட்டார்கள் என்றாள், பந்திக்கு ஆள் சொன்ன மாதிரி.

நான் ஆறு வருஷமாக ஆடுகிறேன். என் பெண்டாட்டி எட்டு மாதமாக. வயிறு எரிகிறது. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இந்த நோட்டு டிபன் பைக்கு அடியில் இருக்கிறது, அவள் எடுக்க மாட்டாள்.

9, செவ்வாய்

மேகம். மழை இல்லை. பால் திரிந்துவிட்டது.

கேம் ஆடுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கோயம்புத்தூர்க்காரன், பனி டீமை எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தான். கவுன்டரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இருபது வரி டைப் செய்தேன். ஒரு கட்டைவிரல் வந்தது. பதினொரு மணிக்கு கவிதா, வேலை பார்க்கிற கலெக்டர் ஆபீஸில் டீ குடிக்கிற நேரத்தில், இரண்டு வரி போட்டாள். பதினாறு இதயம். "மேடம் சொன்னா கரெக்ட்" என்று ஒருவன். அவள் சொன்னது என் இருபது வரியில் ஏழாவது வரி.

போன வருஷம் வரை அந்தக் குரூப்பில் நான் மணி சார். இன்று புதிதாகச் சேர்ந்த ஒருவன் நான் யார் என்று கேட்கிறான். இன்னொருவன் பதில் போடுகிறான்: "அவரு கவிதா மேடம் வீட்டுக்காரர்."

அதை அவளிடம் சிரித்துக்கொண்டே காட்டினேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்தது நிஜம்.

தரவரிசை: அவள் 212. நான் 1,946. இனி பார்க்கக் கூடாது என்று மூடினேன். சாப்பிட்டபின் பார்த்தேன். 1,951.

10, புதன்

து. பருப்பு, நல்லெண்ணெய், ரீஃபில் இரண்டு.

அவள் டீமைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. சாதாரணமாக வேகம் ஜாஸ்தி உள்ளதுதான் முதலில் அடிக்கும். அவளிடம் விளக்கு மாதிரி ஒரு மான்ஸ்டர், பெயர் சிம்னி. அது இறங்கினால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் தலைகீழ். யார் மெதுவோ அவர்தான் முதலில். அப்போது அம்மியை இறக்குவாள். அம்மி என்பது ஒரு ஆமை. முதுகில் கருங்கல் ஓடு. வேகம் 36. அதைவிட மெதுவானதை யாரும் கொண்டுவருவதில்லை. அதனால் முதல் அடி அம்மியுடையது. அந்த ஒரு அடியில் எதிரில் நிற்கிற இரண்டும் காலி.

பெயரெல்லாம் அவள் வைத்தது. சிம்னி, அம்மி, கரண்டி, உப்புமா. என்னுடையவை சூறாவளி, இடிமுழக்கம் என்று. நேற்று சூறாவளி உப்புமாவிடம் அடி வாங்கிச் செத்தது.

இதில் கசப்பு என்னவென்றால் தலைகீழ் டீம் என் யோசனை. மூன்று வருஷம் முன்பு டீம் நோட்டில் எழுதி, ஒத்துவராது என்று நானே குறுக்கே கோடு போட்டது. அவள் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, ஏன் அடித்துவிட்டீர்கள் என்று கேட்டாள். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றேன். தானம் கொடுக்கிற பெரிய மனுஷன்.

12, வெள்ளி

நேற்று எழுதவில்லை. மாமியார் போன், முக்கால் மணி நேரம்.

இன்று சாயந்திரம் க.வும் நானும் பயிற்சிக்குப் பத்து ஆட்டம். அவள் ஏழு, நான் மூன்று. அந்த மூன்றில் ஒன்று அவளுக்கு நெட் போனதால்.

ஆடும்போது அவள் யோசிக்கிற மாதிரியே தெரிவதில்லை. மாவு பிசைகிற கைதான், நடுவில் ஒரு விரலால் தட்டுகிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தபோது தாடை வலித்தது.

ஆறாவது இன்னும் முடிவாகவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். என் டீமை மூன்று விநாடி பார்த்தாள்.

"பாறையே வெச்சிக்குங்க. பறவைக்கு அங்க வேலையே இல்ல."

சரியாகச் சொன்னாள். எனக்கே தெரிந்தது சரி என்று. அதனால் பறவையை வைத்தேன்.

13, சனி

வெக்கை. ரோட்டோரம் முழுக்க அன்னதானப் பந்தலுக்குக் கம்பு நடுகிறார்கள். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிற்கும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

ஆறு மணிக்குள் டீமைப் பூட்ட வேண்டும். பூட்டினால் அவ்வளவுதான், ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று. ஒருவர் டீமை மற்றவர் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வாயால் சொன்ன பிறகுதான் பூட்டுவது. ஆடி மாதத்தில் ஒரு போட்டிக்கு நான் என் தவளைக்கு அடிக்கிற வித்தை எதையுமே கொடுக்காமல் பூட்டப் போனேன். வெறும் தவளை. க. ஈரத் தலையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அன்றிலிருந்து வழக்கம்.

முதலில் என்னுடையதைப் பார்த்தாள். பத்து நிமிஷம், விரலை வைத்து ஒவ்வொன்றாக. பறவையிடம் வந்ததும் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. கடைசியில் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை உருவப் போனாள்.

பிறகு நான் அவளுடையதை. சிம்னி, சரி. கரண்டி, சரி. உப்புமா, சரி. அம்மி. வேகம் 61.

மறுபடி பார்த்தேன். 61.

அவளிடம் இரண்டு அம்மி உண்டு. போன மாதம் வேறு டீமுக்காக வேகம் ஏற்றி வளர்த்தது ஒன்று. அந்த அம்மியை எடுத்து இதில் போட்டிருக்கிறாள். ஒரே பெயர், ஒரே படம், எண் மட்டும் வேறு. தலைகீழ் டீமில் 61 என்றால் பாதி மான்ஸ்டர் அதை முந்திவிடும்.

சமையலறையிலிருந்து குரல். "ஏங்க, பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். சரியா இருக்கு."

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகவே இல்லை. அதுதான் இப்போது எழுதும்போது பயமாக இருக்கிறது. அவள் கை கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, உட்கார்ந்து, பட்டனை அழுத்தும்வரை ஒரு நிமிஷமாவது இருந்திருக்கும். ஒரு நிமிஷத்தில் நிறையச் சொல்லலாம். ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

14, ஞாயிறு

ரிசப்ஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். லாட்ஜ் முழுக்க ஆள். வராண்டாவில் பாய் கேட்கிறார்கள். வெளியில் கிரிவலக் கூட்டம், செருப்பில்லாத கால்கள்.

கூட்டம் சேர்ந்தால் ஊருக்குள் நெட் படுத்துவிடும். ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் மட்டும் கொஞ்சம் வரும். மாடியில் துணி காயப் போடுகிற இடத்தில் இரண்டு ஸ்டூல், ஒரு குடை. எட்டு சுற்று. மூன்று தோற்றால் வெளியே.

நான் நாலாவது சுற்றில் வெளியே. தோற்ற மூன்றில் இரண்டில் பறவை ஒன்றுமே செய்யாமல் செத்தது.

அவள் ஏழில் ஆறு ஜெயித்தாள். எதிரில் வந்தவை எல்லாம் வேகம் ஜாஸ்தியானவை, 61 கூட அவற்றுக்கு மெதுதான். தப்பு வெளியே வரவே இல்லை. ஒவ்வொரு தடவை அம்மி இறங்கும்போதும் எனக்குப் படபடப்பு. மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பாதி, மாட்ட வேண்டும் என்று பாதி.

எட்டாவது சுற்று. ஜெயித்தால் முதல் எட்டுக்குள் நிச்சயம். நாலரை மணி. எதிராளி ஒரு கரடியை இறக்கினான். அந்தக் கரடி எல்லோரிடமும் இருக்கும், வேகம் 50 என்று எங்கள் இருவருக்கும் மனப்பாடம். க. சிரித்தாள். சிம்னி வந்தது, தலைகீழ். அம்மி வந்தது. அடி என்று தட்டினாள்.

கரடி முதலில் அடித்தது. அம்மி போயிற்று. பிறகு மற்றதெல்லாம் வரிசையாக.

"அது எப்பிடி முந்திச்சி?" என்று மெதுவாகக் கேட்டாள். என்னிடம் இல்லை, போனிடம்.

பட்டியல் வந்தது. அவள் ஒன்பதாவது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். பொய் எழுத இந்த நோட்டு எதற்கு. இரண்டு விநாடி இருக்கும், நெஞ்சில் ஜில்லென்று. அதற்குள் அவள் குடையை மடக்கி, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட ஆரம்பித்தாள். என் யூனிஃபார்ம் சட்டையும் அதில் இருந்தது. உதறி மடித்து, டியூட்டிக்கு நேரமாகிறது என்று என் கையில் கொடுத்தாள்.

வண்டி போகாது, எல்லா வழியும் அடைப்பு. நடந்தே வந்தேன். ஆயிரக்கணக்கான பேர் ஏதோ வேண்டிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை.

15, திங்கள்

காலை எட்டுக்கு வீடு. வாசல் தெளித்திருந்தது. உப்புமா (சாப்பிடுவது).

க. கண்டுபிடித்துவிட்டாள். தட்டை வைத்துவிட்டுப் போனை நீட்டினாள்.

"61. பழைய அம்மிய எடுத்துப் போட்டிருக்கேன். என் தப்புதான். நீங்க பாத்தீங்களேன்னு நான் திரும்பப் பாக்கல."

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்து, உங்களுக்கும் பௌர்ணமி டென்ஷன், கண்ணில் பட்டிருக்காது என்றாள். இரண்டாவது கரண்டி உப்புமா போட்டாள்.

சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

17, புதன்

தூறல். சைக்கிள் பஞ்சர். சட்டைப் பட்டன் ஒன்று காணோம்.

குரூப்பில் எல்லோரும் அவளுக்கு ஆறுதல். ஒருவன் கேட்டிருந்தான்: "டீம செக் பண்ணலையா மேடம்?" அவள் பதில் ஒரே சொல். "பண்ணோம்."

அந்த 'ஓம்'மில் நானும் இருக்கிறேன். ஐந்து தடவையாவது திறந்து படித்தேன்.

சாயந்திரம் டீ கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள், போனில் டீம் காட்டுகிற பக்கத்தில் வேகம் கடைசி வரியில்தானே வரும் என்று. ஆமாம் என்றேன். அதை ஒட்டித்தானே பூட்டுகிற பட்டன் என்றாள். ஆமாம். சரி என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

தரவரிசை: அவள் 180. நான் பார்க்கவில்லை. (1,990.)

20, சனி

வெயில். தண்ணி கேன் வரவில்லை.

குரூப்பில் நாளைக்குச் சின்னப் போட்டி, சும்மா விளையாட்டுக்கு. இன்றும் ஆறு மணிக்குள் பூட்ட வேண்டும். ஐந்தேகாலுக்கு க. வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். இந்த முறை சமையலறைக்குப் போகவில்லை. போனை என் கையில் வைத்தாள்.

சிம்னி, சரி. கரண்டி, சரி. உப்புமா, சரி. அம்மி. வேகம் 61.

நிமிர்ந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் மாதிரி இல்லை. கியூவில் நம் முறை வரும்வரை நிற்போமே, அப்படி.

"அம்மி 61 இருக்குது."

"தெரியும்," என்று போனை வாங்கி 36 அம்மியை எடுத்துப் போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கும் பாத்தீங்க இல்ல?"

இந்த ஒரு வாரத்தில் ஏழெட்டுப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கண் எரிச்சல், கூட்டம், டென்ஷன் என்று.

"பாத்தேன்," என்றேன்.

தலையை ஆட்டினாள். தன் டீமைப் பூட்டினாள், நான் சரி என்று சொல்லக் காத்திருக்கவில்லை. பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"உங்களுது குடுங்க."

கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்து நிமிஷம். இரண்டு தப்பு இருந்தது. இரண்டையும் சொன்னாள்.