ஓணான்களுக்கு நான் போட்ட பூஜ்யம்

என் ரோஸிக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட இன்று எனக்கு முகமில்லை. ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் மகள் ஜெனி இப்போது நம் பழைய ஆய்வுக்கூடத்தில்தான் படிக்கிறாள். தெம்பனிஸ் பூங்காவில் நாம் பிடித்த ஓணான்களின் இரத்தச் சிலைடுகளை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி பார்த்திருக்கிறாள். "ஓணானுக்கும் மலேரியாவா?" என்று தேக்காவில் டீக்கடைக்காரர் சிரித்தாரே, நினைவிருக்கிறதா?

உன் சட்டம் ஒன்றுதான். பார்த்து, கிருமி இல்லையென்றால் பூஜ்யம். பார்க்கவே இல்லையென்றால் கோடு. கோடு போட வெட்கப்படாதே என்பாய். ஓணானைப் பிடித்து, வாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, வயிற்றைத் தடவி விடுவது உன் வேலை. மைக்ரோஸ்கோப் என் வேலை. சிலைடுகளின் கடைசிப் பெட்டியை நான் திறக்கவே இல்லை, ரோஸி. அலுத்துப் போயிருந்தது, மறுநாளே அறிக்கை வேண்டும் என்றார்கள். வரிசையாகப் பூஜ்யம் போட்டேன். நீ என்னை நம்பி, ஒரு வார்த்தை கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டாய்.

போன ஞாயிறு தேக்காவில் சாப்பிடும்போது ஜெனி சொன்னாள்: "சித்தி, லாஸ்ட் பாக்ஸ்ல பாதி சிலைடுல கிருமி இருக்கு. அம்மா எல்லாத்துக்கும் ஜீரோ போட்டிருக்காங்க. உடம்பு சரியில்லாம இருந்தாங்கள்ல, அப்பவே கண்ணு சரியா தெரியல போல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கும் லா."

சொல்லிவிட்டுத் தோசையைப் பிய்த்தேன். உன் கண்ணைப் பற்றியா அப்படிச் சொன்னேன்? நீ எங்களை விட்டுப் போவதற்கு முந்தைய வாரம் உங்கள் பிடோக் வீட்டில் படுத்தபடியே, கூரைப் பல்லிக்குப் புது வால் முளைப்பதை எனக்குக் காட்டிய கண் அது. அவளோ, "பரவால்ல சித்தி, அம்மாவ யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க," என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்?

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடக் கூட்டத்தில் அவள் இதை வாசிக்கப்போகிறாள். பிழை உன்னுடையது என்று எழுதி வைத்திருக்கிறாள், பெற்ற மகளே.

வாசிக்க விடமாட்டேன். நாளைக் காலை பிடோக்குக்குப் போய், அந்தப் பூஜ்யமெல்லாம் என்னுடையது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். பிறகும் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா?

நாளை வரைக்குமாவது உன் ஜெனிக்குச் சித்தி,
கலா