ஏரியின் மேல் கறுப்புக் கார்

1951 பிப்ரவரி 6, செவ்வாய்

இந்த வாரப் பத்திரிகையின் அச்சுப்படிகளைத் திருத்தி முடித்தேன். ஆசிரியரின் தலையங்கத்தில் மட்டும் பதினேழு பிழைகள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கிழிந்த அகராதி ஒன்றையே ஆசானாகக் கொண்டவள், கல்லூரி கண்டவரைத் திருத்துகிறாள். இந்தப் பெருமிதத்தை இங்கேயாவது மறைக்காமல் எழுதிக்கொள்கிறேன்.

தீயணைப்புச் சங்கத்தார் ஆண்டுதோறும் செய்வதுபோல் உறைந்த ஏரியின் மேல் பழைய கார் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். என்ஜின் கழற்றிய கறுப்புக் கார். அது மூழ்கும் நாளைச் சரியாகக் கணிப்பவருக்கு அரைப் பன்றி இறைச்சி பரிசு. நேரம் அறிய ஒரு கடிகாரத்தையும் காரில் கட்டியிருக்கிறார்கள், மூழ்கியதும் அது நின்றுவிடும். அறிவிப்பை நான்தான் எழுதினேன்.

கடைக்காரி ஐலி வம்பு வளர்த்தாள். "டெக்சாஸ் மெஷின்காரர் இன்னும் ஒனக்குத் தைக்கச் சொல்லித் தர்றாராடி ஹில்மா? இந்நேரம் ஊருக்கே கோட்டு தச்சிருக்கலாமே!"

சிரித்து வைத்தேன். தையல் இயந்திரம் விற்க வந்த டெல்பர்ட், ஹோட்டலில் தங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. என் கணவர் எய்னோ மரம் வெட்டும் முகாமிலிருந்து சனிக்கிழமைகளில்தான் வீடு திரும்புவார்.

பிப்ரவரி 15, வியாழன்

எழுத வேண்டாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

எழுதாமல் மூச்சு முட்டுகிறது.

நேற்றுப் பகலிலேயே பனிப்புயல் மூண்டதால் முகாமை மூடிவிட்டார்கள். எய்னோ இரண்டு நாள் முன்னதாக வந்துவிட்டார். அடுப்பருகே டெல்பர்ட்டின் காலணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எய்னோ அவற்றைப் பார்த்தார், சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காப்பி இருக்கா?" என்றார்.

பிறகு திரும்பி, கோட்டை மாட்டக் கையை உயர்த்தினார். அந்தக் கொக்கிக்கு மேல்தான் வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. டெல்பர்ட் விறகுக் கோடரியைத் திருப்பிப் பிடித்து — ஒரே அடி.

கோட்டைத்தானே மாட்டப் போனாரு! கோட்டைத்தானே...

"வாயைத் தொறந்தா ரெண்டு பேருக்கும் ஆயுசு பூரா ஜெயில். நான் பாத்துக்கறேன். எங்கேன்னு மட்டும் கேக்காதே" என்றான். கம்பளியில் சுற்றித் தன் காரில் ஏற்றிக்கொண்டு புயலுக்குள் போனான். நான் கேட்கவில்லை. தரையைத் தேய்த்தேன்.

பிப்ரவரி 24, சனி

இன்று அவனாகவே சொன்னான், ஏதோ பரிசு வாங்கியவனைப் போல.

"ஏரியில நிக்குதே கறுப்புக் கார், அதோட பின் டிக்கியிலதான். புயல்ல ஒரு ஈ காக்கா இல்ல. ஏப்ரல்ல தானா முழுகிடும். நாப்பதடி ஆழமாம்! எவன் தேடுவான்?"

நான் கேட்டேன்: "காருக்கு அடியிலேருந்து கரை வரைக்கும் ஒரு சங்கிலி போகுதே, பாத்தியா?"

"பாத்தேன். திருட்டுப் போகாம இருக்கக் கட்டியிருக்காங்க."

"என்ஜின் இல்லாத ஓட்டைக் காரை எவன் திருடுவான்? ஊர் குடிக்கிறதே அந்தத் தண்ணிதான் டெல்பர்ட். முழுகினதும் அந்தச் சங்கிலியைக் கட்டி இழுத்துக் கரையேத்திடுவாங்க. வருஷா வருஷம் ஊரே நின்னு வேடிக்கை பார்க்கும்."

அவன் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதைக் கண்டேன். பனியே காணாத தேசத்துக்காரன். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் — என்ன செய்திருப்பேன்? வேறு இடம் சொல்லியிருப்பேனா?

மார்ச் 9, வெள்ளி

எல்லாவற்றையும் சொல்லிவிடும் உறுதியோடு ஷெரீப் ஸ்வான்பெரியிடம் போனேன். சொற்களை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் பேச விடவில்லை.

"ஒக்காரும்மா. முகாம்லேருந்து கெளம்பினது வரைக்கும் தெரியுது. எய்னோ டுலூத் டவுன்ல எங்கேயாவது குடிச்சிட்டுக் கெடப்பான். பனி உருகட்டும், தானா வந்து நிப்பான் பாரு."

வந்து நிற்பார். ஆமாம்.

அடுக்கிய சொற்களோடு வீடு திரும்பினேன்.

மார்ச் 20, செவ்வாய்

உறைபனியின் மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடில்களை எல்லாரும் கரைக்கு இழுத்துவிட்டதால் ஏரி வெறிச்சோடிவிட்டது. டெல்பர்ட் விடிவதற்குள் கடப்பாரையோடு போய் வந்தான். டிக்கியின் மேல் ஒரு சாண் கனத்துக்குப் பனி இறுகியிருக்கிறதாம், அசையவே இல்லையாம். "வெயில் ஏறட்டும். மூடி விட்டுக் குடுத்துடும்" என்கிறான்.

மூடியை இளக்கும் வெயில் வேறெதையும் இளக்காது என்று நினைக்கிறான்.

ஏப்ரல் 12, வியாழன்

என் சன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கார் தெரிகிறது. திரைச்சீலை தைத்து மாட்டினேன். அவன் விற்ற இயந்திரத்தில்தான்.

ஏப்ரல் 19, வியாழன்

இந்த வாரமும் கார் குறிப்பை நானே எழுதினேன்: "சங்கத்தார் அளந்தபடி பனியின் கனம் இரண்டடி." ஒரு வரிச் செய்தி. அதற்கு மேல் எழுத இந்த ஊரில் தேவை இல்லை. கறுத்துப்போன ஏப்ரல் பனி எத்தனை அடி இருந்தாலும், மெழுகுவர்த்திகளை நெருக்கி நிறுத்திய கட்டுதான். மிதித்தால் தனித்தனியே பிரிந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகள் மார்ச் கடைசியிலேயே ஏரியில் கால் வைப்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஏப்ரல் 20, வெள்ளி

சாயங்காலம் வந்தான். தாடி மழிக்கவில்லை.

"நாளைக்கு விடியக்காலை போறேன். மூடி இளகியிருக்கும். பனி எவ்வளவு இருக்கு?"

"இரண்டடி."

"ரெண்டடியா? ஒரு அடி இருந்தாலே லாரி போகும்னு நீதானே ஜனவரியில சொன்னே! அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி பாக்கறே?"

"தூக்கம் இல்ல."

என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

இரண்டடி என்பது பொய்யன்று. அளந்து அச்சேறிய உண்மை. போகாதே என்று சொல்ல வேண்டியது ஒரு சொல். அகராதியே மனப்பாடம் ஆனவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கோட்டை மாட்டப் போன கைதான் கண்ணில் நின்றது.

ஏப்ரல் 21, சனி

காரில் கட்டியிருந்த கடிகாரம் ஐந்து மணி பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. நான் சன்னலில் நின்றேன். கூவினேனா? வாய் திறந்திருந்தது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 28, சனி

காரைக் கரைக்கு இழுத்தார்கள். பிள்ளைகளின் கூச்சல் பாதியிலேயே நின்றது. ஐலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று அவள் கேலி பேசவில்லை.

சங்கிலியில் ஒருவன் சிக்கியிருந்தான். டிக்கிக்குள் எய்னோ. கம்பளி அவிழவே இல்லை.

மே 1, செவ்வாய்

ஷெரீப் வரச் சொல்லியிருந்தார். காபி தந்தார். என் வாக்குமூலத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார்: டெல்பர்ட் கொன்றான், உயிர்ப் பயம் காட்டி என்னை வாய் மூட வைத்தான், தடயத்தை எடுக்கப் போய் மாண்டான். கடைசி வரி: "ஏரியைப் பற்றி அவனிடம் நான் எதுவும் பேசியதில்லை."

"ஊர் எத்தையோ பேசும், நீ கண்டுக்காதே. எய்னோவும் நானும் ஒண்ணா வேட்டைக்குப் போனவங்க. அவன் பொண்டாட்டியை நான் விட்டுடுவேனா?" என்றார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்து போடும்மா. தப்பிருந்தா திருத்து. ஒனக்குத்தான் தப்பு பொறுக்காதே."

பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழைகள் மூன்று, திருத்தினேன். எய்னோவின் வயதைச் சரிசெய்தேன். பிறகு கடைசி வரியை அடித்துவிட்டு, அதன் மேல் எழுதினேன்: "இரண்டடி என்று சொன்னேன். தாங்காது என்பதை அறிந்தே சொன்னேன்."

ஷெரீப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு எழுந்துபோய், நான் வீட்டுக்குப் போகலாம் என்று அவரே திறந்து வைத்திருந்த கதவைச் சாத்தினார்.