வெட்டுவது நீ, வரைவது நான்

இன்று காலை சங்கரா மீன் வாங்கி வந்தேன். கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது. மீன்காரம்மா வேறு, "இப்பதாம்மா வந்து எறங்கிச்சி, கையில எடுத்துத்தான் பாரேன்" என்று சத்தியம் செய்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் குப்பென்று கிளம்பியது அந்த வாடை. ஃபார்மலின்! செத்த உடம்பு அழுகாமல் இருக்க ஊற்றுகிற மருந்து. கண் எரிந்தது. அத்தனை மீனையும் குப்பையில் கொட்டிவிட்டு சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருமம், இந்த வாடை வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய். நீ போய் மூன்று வருடமாகிறது. உன்னை மல்லிகைப்பூவோடு நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை இருக்காதா?

தாம்பரத்தில் நாம் பி.எஸ்ஸி. படித்தபோது விலங்கியல் எனக்குப் பிடித்த பாடம் இல்லை, கிடைத்த பாடம். உனக்கு அப்படி இல்லை. இரண்டு பேருக்கு ஒரு மெழுகுத் தட்டு, ஒரு தவளை என்று கொடுப்பார்கள். முதல் நாளே நீ உடன்படிக்கை போட்டுவிட்டாய்: வெட்டுவது நீ, இரண்டு ரெக்கார்ட் நோட்டிலும் வரைவது நான். எனக்கு உயிர் வந்தது. க்ளோரோஃபார்மில் மயங்கிய தவளையை நீ மல்லாத்தி, நாலு காலிலும் ஊசி குத்தி, தோலைச் சட்டைப் பித்தான் கழற்றுவதுபோல் திறப்பாய். உள்ளே இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். நான் அலமாரி ஜாடிகளின் ஃபார்மலின் வாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ள படத்தை அப்படியே அழகாக வரைந்துவிடுவேன்.

அதில்தான் ஒரு நாள் மாட்டினோம். நம் தட்டில் கிடந்தது பெண் தவளை, வயிறு கொள்ளாமல் கருகருவென்று முட்டை. நான் இரண்டு நோட்டிலும் ஆண் தவளையை வரைந்து, விரைக்கு அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதி வைத்திருந்தேன். மேடம் தட்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த ஊர் தவளைம்மா இது? ஆம்பளை முட்டை போட்டிருக்கு!" வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. என் கழுத்தைப் பிடித்துத் தட்டுக்கு மேல் குனிய வைத்தாய். "பாருடி. பாக்காம வரைஞ்சா அது படமில்ல, பொய்." பார்த்தேன். அதற்குப் பிறகு ஜவ்வரிசிப் பாயசம் என் வீட்டில் கிடையாது. தவளையை அறுத்த அதே கையை ஒப்புக்குக் கழுவிவிட்டு நீ எலுமிச்சை சாதம் பிசைந்து சாப்பிட்டாய். உவ்வே, உன்னோடு எப்படித்தான் மூன்று வருடம் குப்பை கொட்டினேனோ.

நான் ஒரு ஆபீஸில் ஃபைலோடு ஒதுங்கிவிட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர் ஆனாய், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டையர் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சிட்லபாக்கத்தில் உன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு படிவத்தை நீட்டினாய். உடல் தானம். மருத்துவக் கல்லூரிக்கு. சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டுமாம், கல்லூரி தரும் தான அட்டையும் என்னிடமே இருக்க வேண்டுமாம்.

"சீ! உனக்கு வேற ஆளே கெடைக்கலையா? எனக்கு இதெல்லாம் ஆகாதுன்னு தெரியாது?"

"தெரியும். அதனாலதான். ஆசைப்பட்டு வர்றவ பாதியில ஓடிடுவா. நீ மூக்கைப் பொத்திக்கிட்டே கடைசி வரைக்கும் நிப்ப."

"காலேஜ் பசங்க உன்ன கூறு போடுவாங்கடி."

"போடட்டும். எங்கயாவது ஒரு புள்ள தப்பு பண்ணித்தான் கத்துக்கணும். என் மேல பண்ணட்டுமே. எனக்கு வலிக்கவா போகுது?"

கையெழுத்துப் போட்டேன். காபியை மிச்சம் வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு காலையில் மாரடைப்பு. மேடவாக்கத்திலிருந்து உன் தம்பி வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். ஃப்ரீசர் பெட்டிக்குள் நீ, எப்போதும்போல் தோளில் மடிப்பு கலையாமல் பின் குத்திய புடவையோடு. உன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, இவ தன் பாடிய டாக்டருக்குப் படிக்கறவங்களுக்குக் குடுக்கணும்னு ஏதோ சொல்லிட்டு இருந்தா. உங்ககிட்ட ஏதாச்சும் எழுதிக் குடுத்தாளா? இருந்தா சொல்லுங்க, அவ இஷ்டப்படியே செஞ்சிடலாம்."

அட்டை என் கைப்பையில் இருந்தது. கொண்டுதான் வந்திருந்தேன், சத்தியமாக. ஆனால் அந்தப் பின்னை யாரோ கழற்றுவார்கள். தலையை மழிப்பார்கள். அந்த வாடைத் தொட்டியில் உன்னை முக்குவார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சுற்றி நின்று உன் தோலைத் திறப்பார்கள். என் வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். அதை விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"இல்லப்பா. எங்கிட்ட ஒண்ணும் குடுக்கல."

அவன் தலையாட்டிவிட்டுப் பாதிரியாருக்கு போன் போட்டான். அவ்வளவுதான். மறுநாள் உன்னைப் புதைத்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். வீட்டுக்கு வந்து, உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன். தூ! மண்ணுக்குள் மட்டும் உன்னை யார் பொத்திப் பாதுகாக்கப் போகிறார்கள்? அங்கே என்ன நடக்கும் என்று விலங்கியல் படித்தவளுக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்குக் கொடு என்றாய், புழுவுக்குக் கொடுத்தேன். தவளையைப் பார்த்தோ தொட்டியை நினைத்தோ வந்ததெல்லாம் அருவருப்பே இல்லை. என்னை நினைத்தால் இப்போது வருகிறதே, அதுதான் அருவருப்பு.

இரண்டு மாதத்துக்கு முன்பு எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தார்கள். டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். முந்தின நாள் தைரியம் சொல்ல வந்தவரிடம், என் வாய் சும்மா இருக்குமா, "நீங்க மொதமொதல்ல யார வெட்டிக் கத்துக்கிட்டீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன ஆன்ட்டி கேள்வி இது!" என்று சிரித்தார். அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு அம்மா. தானமா வந்தவங்க, பேர் சொல்ல மாட்டாங்க. என் கை தப்பி இதே பித்தப்பையைத்தான் கிழிச்சுட்டேன். சார்கிட்ட செம திட்டு. மனசுக்குள்ள அந்த அம்மாகிட்ட ஸாரி கேட்டேன். அதுக்கப்புறம் அந்த எடத்துல என் கை தப்பினதே இல்ல ஆன்ட்டி. பயப்படாதீங்க."

தப்பவில்லை. தையல் தழும்பு என் வயிற்றில் இருக்கிறது, குளிக்கும்போது கை படுகிறது. அந்த அம்மாவும் தன் அட்டையை ஒரு சிநேகிதியிடம்தான் கொடுத்து வைத்திருப்பாள். அந்தச் சிநேகிதிக்கும் குமட்டித்தான் இருக்கும். ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.