எட்டாவது பெட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எல்லோரும் என்றால் நானும் உன் அம்மாவும் மட்டும்தான். அதில் பாதி உண்மை. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் அதிகமாகிவிட்டது என்று போன வாரம் சொன்னாய். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. சின்ன வயதிலிருந்தே உனக்குத் தொண்டைதான் எதிரி.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் தனியாகப் பேச எழுந்து போனால் பின்னாலேயே வருகிறாள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். பஸ்ஸில்தான் நான் கண்டக்டர், வீட்டில் விசில் எப்போதும் அவள் கையில் என்று உனக்குத் தெரியாதா. அதனால் பேப்பர் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு வந்து, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒருவர் பேப்பரை விரித்து வைத்தபடியே தூங்குகிறார். இதைத் தபாலில்தான் அனுப்புவேன். கூரியர் பக்கம் இப்போதைக்குத் தலைவைத்துப் படுப்பதாக இல்லை.

டீ செட் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எனக்குக் கோர்வையாக வரட்டும் என்று முதலிலிருந்தே எழுதுகிறேன்.

இனி இங்கேயேதான் இருக்கப் போகிறோம், அங்கே என் அறையில் இருப்பதை ஒவ்வொன்றாக ஆன்லைனில் விற்றுவிடலாம் என்று நீ சொன்ன அன்று எனக்கு மனசு கொஞ்சம் என்னவோ போல இருந்தது. உன் அம்மாவுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவளுக்கு மறுபடி பெட்டி கட்டும் வேலை கிடைத்த சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் பேக்கிங் பிரிவில் இருந்தவள். அவள் கட்டிய பெட்டி உடைந்து திரும்பி வந்ததாக ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. உன் மேஜை விளக்கு, போட்டோ சட்டங்கள், அந்தச் சின்ன மீன் தொட்டி என்று ஏழு பெட்டிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. எட்டாவது பெட்டிதான் உன் கல்யாணத்துக்கு ஆபீஸ் தோழிகள் கொடுத்த பீங்கான் டீ செட். வாங்கியவர் திறந்து பார்த்தால் ஆறு கோப்பையில் நான்கு தூள், டீக் கெண்டியின் மூக்கு தனியே கிடந்திருக்கிறது.

நீ அவருக்கு உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்தாய். அது சரி. பிறகு கூரியர் கம்பெனியிடம் நஷ்ட ஈடு கேட்டாய். உள்ளே பேக்கிங் போதவில்லை என்று இரண்டு வரியில் தள்ளுபடி செய்தார்கள். என் அம்மா கட்டிய பெட்டியையா இப்படிச் சொல்கிறார்கள் என்று நீ கொதித்துப்போய் மேல்முறையீடு போட்டாய். பேக் செய்த வீடியோ இருந்தால் அனுப்புங்கள் என்று பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள். நீ என்னிடம் மூன்று தடவை வீடியோ கேட்டாய். போனில் இடம் இல்லாமல் அழிந்துவிட்டது என்று மூன்று தடவையும் சொன்னேன்.

அது பொய்யம்மா. வீடியோ என்னிடம் இருக்கிறது.

கோபப்படாதே. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நாங்கள் சாப்பிடும் மேஜையில் வைத்துத்தான் கட்டினாள். நீ சொன்னபடி நான் எதிரே நின்று படம் பிடித்தேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். முதல் பத்து நிமிஷம் பார்க்கவே அழகாக இருக்கிறது. கெண்டியின் கைப்பிடிக்கு முதலில் தாள் சுற்றுகிறாள், பிறகு மூக்குக்கு, பிறகு வயிற்றுக்குள் கசக்கிய தாள், மூடிக்குத் தனிப் பொட்டலம். கோப்பைகளையும் அப்படியே. அவள் கை தன் வேலையைச் செய்துகொண்டே போகிறது, வாய் உன்னைப் பற்றிப் பேசுகிறது. நீ மூன்றாம் வகுப்பில் பரிசு வாங்கிய கதை. எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறாள். பிறகு ஒரு கோப்பையை வெளியே எடுத்து, 'இது எங்கேருந்து வந்துச்சு?' என்று கேட்கிறாள். 'நம்ம பொண்ணோடது, விக்கிறதுக்கு' என்று நான் சொல்வது கேட்கிறது. சரி என்று தலையாட்டுகிறாள்.

தலையாட்டிவிட்டு, சுற்றிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பிக்கிறாள். வேலையில் இருந்தபோது வெளியூரிலிருந்து வரும் பெட்டிகளைப் பிரித்துச் சரிபார்ப்பதும் அவள் பொறுப்பாக இருந்தது. அந்தக் கை வந்துவிட்டது போலிருக்கிறது. தாளைச் சுருக்கம் போக நீவி, நான்காக மடித்து, பக்கத்தில் அடுக்குகிறாள். கெண்டி, கோப்பை, தட்டு எல்லாவற்றையும் தாள் சுற்றாமல் வெறுமனே வரிசையாகப் பெட்டியில் வைத்து, மூடி, டேப் ஒட்டி, நான்கு பக்கமும் தன் முத்து முத்தான கையெழுத்தில் உடையும் பொருள் என்று எழுதுகிறாள். வாங்கியவர்தான் தாளையெல்லாம் தூக்கிப் போட்டிருப்பார் என்று நீ சொன்னாயே. அந்தத் தாள் உன் அறை அலமாரியில் அடுக்கியபடியே இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. கட்டி முடித்த பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பாளே, நினைவிருக்கிறதா? பெட்டி பேசக் கூடாது என்பாள். அன்றைக்கும் ஆட்டினாள். உள்ளே கடகடவென்று சத்தம். வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. அவள் சிரித்துக்கொண்டே, 'சரியா இருக்கு' என்று கீழே வைத்தாள். நான் போனை நிறுத்தினேன்.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து அதே மேஜையில் உட்கார்ந்து தொடர்கிறேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் பேக்கிங் பற்றி அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம். இதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் என் கையில் அது சத்தம் போட்டது. கீழே கேட்டருகே நம் தெருவுக்கு வரும் கூரியர் ஆள் நின்றிருந்தார். உன் அம்மா அவருக்கு நெட்டை என்று பெயர் வைத்திருக்கிறாள். அவர் வாங்கியதும், 'அய்யா, உள்ளே என்னமோ ஆடுதே, ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடலாமா?' என்று கேட்டார். தொழில் தெரிந்தவர்கள் கட்டியதுதான், நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன்.

க்ளெய்ம் முடியும் வரை அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்தவரை உன் அம்மா மடக்கிப் பிடித்துவிட்டாள். 'ஏம்ப்பா, இருபத்தாறு வருஷம் கட்டின கை இது. உனக்குப் பத்து நிமிஷம் பாத்துத் தூக்கத் தெரியலையா?' என்று தெரு முழுக்கக் கேட்கும்படி பேசினாள். அந்த மனுஷன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத் திரும்பிக்கொண்டேன். வாளியில் தண்ணீர்கூட இல்லை.

அன்று எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எழுத வரவில்லை.

மற்றது என்று எழுதினேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் முன்பு ஒருநாள் காலையில் எழுந்தால், எனக்குச் சாப்பாடு கட்டிப் பையில் வைத்து வாசலில் தயாராக நிற்கிறாள். 'முதல் பஸ்ஸுக்கு நேரமாச்சு, இன்னும் யூனிபார்ம் போடலையா?' என்கிறாள். நான் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையை வாங்கிக்கொண்டு போய்ப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வந்தேன். அதன் பிறகு இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். பூங்காவில் தோட்டக்காரர் எனக்குச் சிநேகிதமாகிவிட்டார். சிரிக்கலாம், தப்பில்லை. நானே சிரித்திருக்கிறேன்.

எனக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அவளோடு ஏதேதோ பேசிப் பார்த்தார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு ஒரு பெயர் சொன்னார். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. மாத்திரை கொடுத்தால் வேகம் குறையலாம், போனது திரும்பி வராது என்றார். அந்த மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுக்கிறேன். அவள் சமைப்பதில் இன்னும் ஒரு குறை கிடையாது. பழைய கதையெல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்கிறாள். இன்றைக்கு, நேற்று என்பதுதான் கையை விட்டு நழுவுகிறது. உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். புது வேலை, புது வீடு என்று நீ சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். என்மேல் வருத்தப்படுவாய் என்று தெரியும். வருத்தப்படு.

இப்போது நீ எனக்காகச் சில காரியம் செய்ய வேண்டும்.

மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிவிடு. பேக்கிங் எங்கள் பக்கத் தவறு, எடுத்துப் போனவர்மேல் குற்றம் எதுவும் இல்லை, அவர் முன்பே எச்சரித்தார் என்று தெளிவாக எழுது. அவருக்கு நிறுத்தியதைக் கொடுத்தார்களா என்று நான் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிற வேலை என்னுடையது, அதை உன் தலையில் கட்ட மாட்டேன். டீ செட்டுக்கு நீ திருப்பிக் கொடுத்த தொகையை நான் அனுப்புவேன். வேண்டாம் என்று வாதாடாதே.

வீடியோவை யாருக்கும் அனுப்ப மாட்டேன். உனக்கும் இப்போது வேண்டாம். அதை அழிக்கவும் மனசு வரவில்லை. அந்த முதல் பத்து நிமிஷம் அதில்தானே இருக்கிறது.

உன் அறையில் மீதி இருப்பதை விற்பது போதும். நிலைக்கண்ணாடிக்கு ஆள் வந்திருப்பதாகச் சொன்னாய். இல்லை என்று சொல்லிவிடு. அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தினமும் காலையில் டீ குடிக்கும்போது, 'என்னங்க, தப்பு அவங்களோடதுதான்னு ஒத்துக்கிட்டாங்களா?' என்று கேட்கிறாள். பணத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் கையைப் பற்றித்தான் கேட்கிறாள். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நான் சொன்னால் நம்பமாட்டாள், நீ சொன்னால் நம்புவாள். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிட்டு, அம்மா, அவர்கள் ஒத்துக்கொண்டார்கள், உன் பேக்கிங்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல். கண்டக்டர் மகள் பொய் சொல்லலாமா என்று யோசிக்காதே. இந்தப் பொய்யின் பாவம் என் கணக்கில் இருக்கட்டும். கூரியர்காரரை இனி வாசலில் திட்டாமல் இருக்கவும் அதில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். தப்பு குடோனில் நடந்தது, நெட்டைமேல் இல்லை என்று சொல்.

ஒரு தடவை சொன்னால் போதாது. மறுநாள் மறுபடி கேட்பாள். நீயும் அப்போதுதான் சேதி வந்தது போலவே மறுபடி சொல்ல வேண்டும். குரலில் அலுப்புத் தெரியக் கூடாது. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல் தடவை.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். எப்போதும் லீவு கிடைத்தால் வா என்று முடிப்பேன். இந்தத் தடவை லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வா, தாயே. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன்னை நம்பி இருக்கும்
அப்பா